குழந்தையின் கண் அழுத்தம் பார்க்க ஐகேர்: எதற்கு நம்பலாம், எங்கே ஏமாற்றும்

பச்சிளம் வயதில் கண்புரை எடுத்த குழந்தைக்கு அழுத்தப் பரிசோதனை ஆண்டுக்கணக்கில் தொடரும். பிறந்து 28 முதல் 210 நாளுக்குள் அறுவை செய்துகொண்ட 114 குழந்தைகளைப் பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வில், 5 ஆண்டில் 17 சதவீதம் பேருக்கும் 10 ஆண்டில் 22 சதவீதம் பேருக்கும் குளுக்கோமா, அதாவது கண் அழுத்தத்தால் பார்வை நரம்பு கெடும் நோய், வந்தது. கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைத்தவர்களுக்கும் இந்த ஆபத்து குறையவில்லை. ஒவ்வொரு தடவையும் மயக்கம் கொடுத்தா அழுத்தம் பார்ப்பது? அதிலும் செவோஃப்ளூரேன் மயக்கத்தில் அழுத்தம் இறங்கியே காட்டும். விழித்திருக்கும் குழந்தையிடம் எடுத்த அளவுக்கு மதிப்பு அதிகம். கண் அழுத்தம் அளக்கும் கைக்கருவியான ஐகேர் ரீபவுண்ட் டோனோமீட்டரின் பெரிய பலம், விழித்திருக்கும்போதே அளக்க முடிவதுதான்.

காந்தமேற்றிய மெல்லிய குச்சி போன்ற புரோப் ஒன்று கருவிழியை (கார்னியா) தட்டிவிட்டுத் திரும்பும். அழுத்தம் கூடக்கூட அது சட்டென்று திரும்பிவிடும். தொடும் நேரம் மிகக் குறைவு என்பதால் மரத்துப்போகும் சொட்டு மருந்து தேவையில்லை. ஆறு தட்டலில் உச்சமும் அடியும் போக, மிச்சத்தின் சராசரியைத் திரையில் காட்டும்.

புரோப் நுனி கருவிழியின் நட்டநடுவுக்கு நேராக, 4 முதல் 8 மி.மீ. தள்ளி இருக்கவேண்டும். கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் முதலில் கழற்றுங்கள். இமையைத் திறக்கும் விரல் கண்குழி எலும்பின் மேல்தான் இருக்கவேண்டும். விழி மேல் லேசாக அழுத்தினாலும் எண் ஏறிவிடும். அழுது இமையை இறுக்கும் குழந்தையிடமும் அதே கதைதான். பால் குடித்துக்கொண்டு அமைதியாக இருக்கும்போது எடுப்பது உத்தமம். படுத்திருக்கும் குழந்தைக்கு ஐகேரில் ஐசி 200 என்ற மாடல் வேண்டும். பழைய மாடலான டிஏ01ஐ நிமிர்ந்த நிலைக்கு மட்டுமே. ஹோம் என்ற மாடலை நோயாளி தானே அளந்துகொள்ளத்தான் வடிவமைத்திருக்கிறார்கள், கைக்குழந்தைக்குத் தோதுப்படாது.

இனி ஏமாற்றும் இடம். கண்புரை அறுவையில் கண்ணின் லென்ஸை எடுத்த குழந்தைகளின் கருவிழி பெரும்பாலும் தடித்திருக்கும். சாதாரணமாக 550 மைக்ரான் அளவில் இருப்பது, இவர்களிடம் 600-ஐத் தாண்டுவது அபூர்வமல்ல. தடித்த கருவிழியில் கருவி கூட்டிக் காட்டும். திரையில் 24 (மி.மீ. பாதரசம்) என்று கூடுதலாக வந்தால் அது நோயாகவும் இருக்கலாம், வெறும் தடிமனாகவும் இருக்கலாம். இத்தனை மைக்ரானுக்கு இத்தனை கழி என்ற கணக்கை நம்பவேண்டாம். தடிமனை ஒருமுறை அளந்து கோப்பில் எழுதிவைத்து, அதே கண்ணின் பழைய அளவுகளோடு ஒப்பிடுவதே சரி.

அதற்காகத் தடிமன் மேல் பழியைப் போட்டுவிட்டு ஓயவும் கூடாது. கருவிழியின் விட்டம் கூடுகிறதா, பார்வை நரம்பின் குழி பெருக்கிறதா என்று மருத்துவர் பார்க்கவேண்டும். பலர் கவனிக்காத தடயம் ஒன்று உண்டு: கான்டாக்ட் லென்ஸின் பிளஸ் பவர். குழந்தை வளர வளர அது குறைவது இயல்பு. எதிர்பார்த்ததைவிட விறுவிறுவென்று இறங்கினால், அழுத்தத்தால் விழி நீள்கிறதோ என்று சந்தேகிக்கவேண்டும். அறுவைக்குப் பின் விடும் ஸ்டீராய்டு சொட்டும் அழுத்தத்தை ஏற்றும் என்பதால், எண்ணோடு அன்றைய மருந்தையும் நேரத்தையும் குறித்துவையுங்கள்.

குறை என்றால், புரோப் ஒரு நோயாளிக்கு ஒன்று, செலவு நிற்காது. புரோப் செருகும் அடிப்பகுதியில் தூசி சேர்ந்தால் புரோப் சிக்கி, அளவு பிசகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் சுத்தம் செய்து, நன்றாக உலர்ந்த பிறகே மாட்டவேண்டும்.