உறக்கத்திற்கு நியூரோஃபீட்பேக்: 16 அமர்வுகளுக்குப் பிறகு என் மதிப்பீடு

இரவு பதினொரு மணிக்குப் படுத்தால் ஒன்றரை மணி வரை புரண்டுகொண்டிருப்பதும், ஏழு மணி நேரம் உறங்கிய நாளில்கூட அடித்துப் போட்டதுபோல் எழுவதும் இரண்டு ஆண்டுகளாக எனக்கு வாடிக்கையாகிவிட்டிருந்தன. தூக்க மாத்திரைக்குப் பழகிவிடுவேனோ என்ற அச்சத்தில், மூளை அலைகளைப் பதிவு செய்து திரையில் காட்டி, அவற்றை மாற்றப் பழக்கும் நியூரோஃபீட்பேக் பயிற்சிக்காக, சென்னையில் உள்ள ஒரு நிலையத்தில் 20 அமர்வுகளுக்கு 30,000 ரூபாயை முன்கூட்டியே செலுத்தினேன். அவற்றில் 16 முடிந்திருக்கின்றன.

பயிற்சியில் வலியோ மின்சாரம் பாய்ச்சுவதோ கிடையாது. உச்சந்தலையில் முடியை விலக்கி, வெள்ளைப் பசையைத் தடவி ஒரு சென்சாரை ஒட்டுகிறார்கள். இரு காது மடல்களிலும் சிறு கவ்விகளை மாட்டுகிறார்கள். எதிரே திரையில் ஒரு படகு. 12 முதல் 15 ஹெர்ட்ஸ் வரையிலான மூளை அலை வலுப்பெறும்போது படகு நகர்கிறது, குறைந்தால் நின்றுவிடுகிறது. முயன்று நகர்த்தப் பார்த்தபோதெல்லாம் அது அசையவே இல்லை. தாடைத் தசை இறுகினால் அத்தசையில் எழும் மின் சைகையும் மூளை அலைப் பதிவில் கலந்துவிடும் என்று பயிற்சியாளர் பொறுமையாக விளக்கிய பிறகுதான், நாள் முழுவதும் பல்லைக் கடித்துக்கொண்டே இருக்கிறேன் என்பதை முதன்முறையாக உணர்ந்தேன்.

இந்த முறைக்கு நெடிய ஆய்வுப் பின்னணி உண்டு. அமெரிக்காவில் பாரி ஸ்டெர்மன் குழுவினர் பூனைகளுக்கு இதே அலையை வலுப்படுத்தப் பயிற்சியளித்து, அவை இடையில் விழிக்காமல் நீண்ட நேரம் உறங்கியதை 1970இல் வெளியிட்டார்கள். ஆனால் மனிதர்களிடம் கிடைத்த முடிவுகள் அந்த அளவுக்குத் தெளிவாக இல்லை. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் மானுவல் ஷாபுஸ் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வில், உண்மையான பயிற்சியும் போலிப் பயிற்சியும் ஒரே அளவில்தான் பலனளித்தன. நன்றாக உறங்குவதாக மக்கள் உணர்ந்தார்கள், ஆனால் கருவிப் பதிவில் உறக்கம் மேம்படவில்லை. நிலையத்தின் கையேட்டில் பூனைகள் இடம்பெற்றிருந்தன, இந்த ஆய்வு இடம்பெறவில்லை.

என் அனுபவத்தில், எட்டாவது அமர்வுக்குப் பிறகு உறக்கம் வரக் காத்திருக்கும் நேரம் ஏறத்தாழ அரை மணியாகக் குறைந்தது. அது மூளை அலையால் வந்ததா, வாரம் இரு முறை கைபேசியைத் தொடாமல் நாற்பது நிமிடம் அசையாது அமர்ந்ததால் வந்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல இயலாது. சோர்வு மட்டும் இம்மியும் குறையவில்லை.

என் மனத்தாங்கல் இங்கேதான். நாட்பட்ட சோர்வும் தீரும் என்று உறுதியளித்தவர்கள், குறட்டை விடுவீர்களா, காலையில் வாய் வறண்டிருக்கிறதா, தைராய்டும் இரத்தச் சோகையும் பார்த்தீர்களா என்று ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நடு இரவில் என் மூச்சு நின்று நின்று வருவதாக மனைவி வற்புறுத்தியதால் மருத்துவரிடம் சென்றேன். இரவில் மூச்சையும் உறக்கத்தையும் கருவிகளால் பதிவு செய்யும் தூக்க ஆய்வில் மணிக்கு 22 முறை மூச்சு தடைபடுவது தெரிந்தது. மூச்சுப்பாதை அடைபடாமல் முகமூடி வழியே அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தும் சிபாப் கருவியை அணிந்து உறங்கத் தொடங்கிய மூன்றாவது வாரத்தில், பிற்பகல் மூன்று மணிக்கு மேசையில் தலை சாய்க்காமல் ஒரு முழு நாளும் வேலை செய்தேன். அன்று மாலை வீடு திரும்பும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பயிற்சியாளரின் கனிவுக்கும் நிலையத்தின் தூய்மைக்கும் குறை சொல்ல மாட்டேன். என்றாலும், சோர்வுக்காக இங்கே செல்ல எண்ணுவோர் முதலில் இரத்தப் பரிசோதனையையும், குறட்டை இருந்தால் தூக்க ஆய்வையும் முடித்துவிடுங்கள். தூக்கமின்மை மட்டுமே தொல்லை என்றால், உறக்கம் பற்றிய எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும், அதற்கென உள்ள அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு இதைவிட வலுவான சான்றுகள் இருக்கின்றன; அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்னும் மருத்துவர் சங்கம் 2016இல் முதல் சிகிச்சையாகப் பரிந்துரைத்ததும் அதைத்தான். அதன் பிறகும் நியூரோஃபீட்பேக்கை முயன்று பார்க்க விரும்பினால், ஐந்து ஐந்து அமர்வுகளாகப் பணம் கட்டக் கேளுங்கள். என் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டதால், மீதமுள்ள நான்கு அமர்வுகளுக்கும் செல்லவிருக்கிறேன். படுத்தவுடன் தாடையைத் தளர்த்திக்கொள்ளும் பழக்கத்தை அந்தப் படகுதான் எனக்குக் கற்றுத் தந்தது, அதை இன்றும் விடவில்லை.