எட்டு ஆண்டு ஃபினாஸ்டெரைடு: முடியும் தங்கியது, சந்தேகமும் தங்கியது

"அண்ணா, நீங்கள் முடிக்கு மாத்திரை சாப்பிடுவது எனக்குத் தெரியும். நானும் ஆரம்பிக்கலாமா?" என்று கடந்த வாரம், என்னைவிடப் பத்து வயது இளைய நண்பர் ஒருவர் கேட்டார். சாப்பிடு, வேண்டாம் என்ற இரண்டில் ஒன்றைச் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்திருக்கலாம். எட்டு ஆண்டுகளாக அந்த மாத்திரையை விழுங்கிவரும் எனக்கு இரண்டுமே வாயில் வரவில்லை. "எழுதி அனுப்புகிறேன்" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். இவ்வளவு காலம் பயன்படுத்திய ஒரு பொருளைப் பற்றிச் சொல்லத் தெரியவில்லையே என்ற எரிச்சலுடன்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நடுநிலை ஆங்காங்கே பிசகினால் அதற்கு இந்த எரிச்சலே காரணம்.

அடிப்படைச் செய்திகளை விரித்துரைக்கப் போவதில்லை. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனை அதைவிட வீரியமான டி.ஹெச்.டி. (டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன்) என்ற ஹார்மோனாக மாற்றும் நொதியை ஃபினாஸ்டெரைடு தடுக்கிறது என்பதும், அதனால் இரத்தத்தில் டி.ஹெச்.டி. ஏறத்தாழ 70 விழுக்காடு குறைகிறது என்பதும், பரம்பரை வழுக்கையில் மயிர்க்கால்களைச் சுருங்கவைப்பது அந்த டி.ஹெச்.டி.தான் என்பதும் இதைப் படிப்பவர்கள் அறிந்தவையே. 1992-இல் 5 மில்லிகிராம் மாத்திரையாகப் புரோஸ்டேட் சுரப்பியின் வீக்கத்துக்கு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற மருந்து, 1997-இல் 1 மில்லிகிராமாக முடி உதிர்வுக்கும் வந்தது. தலையில் தடவும் மினாக்ஸிடிலின் கதையும் இதைப் போன்றதே. அது இரத்த அழுத்தத்துக்கு விழுங்கும் மாத்திரையாக இருந்தபோது உடம்பெங்கும் ரோமம் வளர்ந்ததாக நோயாளிகள் முறையிட்டார்கள். அந்த முறையீட்டைத்தான் புட்டியில் அடைத்து விற்கிறார்கள். பக்கவிளைவுகளைப் பற்றிப் பேசப்போகும் ஒருவன், தான் வாங்கிய சரக்கே ஒரு பக்கவிளைவு என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

நான் தொடங்கியது மினாக்ஸிடிலில். 35 வயதில், உச்சந்தலையில் ஒரு நாணயம் அளவுக்குத் தோல் தெரிகிறது என்று முடிவெட்டுபவர் இரண்டு கண்ணாடிகளைப் பிடித்துக் காட்டிய மாதத்தில், 5 விழுக்காட்டுக் கரைசலை வாங்கினேன். காலையில் 1 மில்லிலிட்டர், இரவில் 1 மில்லிலிட்டர். சொட்டுக்குழாயை வகிட்டில் வைத்து அழுத்தினால் பாதி வகிட்டில் நிற்கும். மீதி நெற்றியில் வழிந்து புருவத்தைத் தொடும். மூன்றாம் வாரத்தில் சீப்பில் வந்த முடியைப் பார்த்துக் கலங்கிப்போனேன். ஓய்வில் இருக்கும் பழைய முடிகளைத் தள்ளிவிட்டுப் புதியவை கிளம்புவதால் முதல் சில வாரங்களில் உதிர்வு கூடுவது இயல்பு என்று தோல் மருத்துவர் முன்பே சொல்லியிருந்தார். சொல்லக் கேட்பதற்கும் குளியலறைச் சல்லடையிலிருந்து அதை விரலால் சுருட்டி எடுப்பதற்கும் வேறுபாடு உண்டு. அந்த உதிர்வையும் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாமற்போனது அரிப்புதான். கரைசலில் சேர்க்கப்படும் புரோப்பிலீன் கிளைக்கால் பலருக்கு ஒத்துக்கொள்வதில்லை, எனக்கும் ஒத்துக்கொள்ளவில்லை. கறுப்புச் சட்டையின் தோள்களில் மாவு சலித்ததுபோல் செதில்கள் உதிர்ந்தன. அந்தச் சேர்மம் இல்லாத நுரை வடிவம் அரிப்பைத் தீர்த்தது; ஆனால் நாளுக்கு இருமுறை தலையை நினைக்கவைக்கும் கடமையைத் தீர்க்கவில்லை. ஒன்றரை ஆண்டில் அதை விட்டேன். விட்ட நான்கு மாதத்துக்குள் அது வளர்த்தவையெல்லாம் உதிர்ந்தன. கணக்கு நேராயிற்று; அந்த மருந்தின் மேல் எனக்கு வருத்தம் ஏதுமில்லை. கொடுத்ததையும் எடுத்ததையும் அது கண்ணுக்குத் தெரியும்படி செய்தது.

ஃபினாஸ்டெரைடின் மேல் எனக்குள்ள மனக்குறையே இங்கேதான் தொடங்குகிறது. அது எதையும் கண்ணுக்குத் தெரியும்படி செய்வதில்லை.

முதலில் நியாயமாகப் பாராட்டிவிடுகிறேன். மினாக்ஸிடில் தடவிக்கொண்டிருந்தபோதே தொடங்கி, அதை விட்ட பிறகும் தனியாகத் தொடர்ந்த மாத்திரை இது. ஆண்டுக்கு ஒரு முறை, அதே விளக்கின் கீழ், ஈரமில்லாத தலையோடு உச்சந்தலையை மனைவி புகைப்படம் எடுப்பார். மினாக்ஸிடிலின் பங்கு உதிர்ந்து முடிந்தபின் எடுத்த படத்தையும் இந்த ஆண்டுப் படத்தையும் அடுத்தடுத்து வைத்தால், எது பழையது என்று நானே தடுமாறுகிறேன். நெற்றியின் இரு ஓரங்களும் சற்று உள்ளே போயிருக்கின்றன; உச்சி அப்படியே இருக்கிறது. ஐந்தாண்டு நடந்த மருத்துவச் சோதனைகளில், மாத்திரை எடுத்தவர்களுள் பத்தில் ஒன்பது பேருக்கு உச்சந்தலை மேம்பட்டது அல்லது மாறாமல் நின்றது; ஒப்பீட்டுக்காக மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் நான்கில் மூன்று பேருக்கு முடி மேலும் குறைந்தது. என் தகப்பனார் 43 வயதில் எடுத்துக்கொண்ட படம் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது. அதே வயதில் இருக்கும் நான் அதன் அருகில் நின்றால் மாத்திரையின் வேலைக்கு வேறு சாட்சி தேவைப்படாது. ஆயினும் வேலை செய்கிறது என்பதன் பொருள் ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான். ஒன்றும் நடக்காததற்காக ஒருவன் எத்தனை இரவு நன்றியோடு இருப்பான்?

மூன்றாவது மாதத்தில் நடந்ததைச் சொல்லாமல் இந்தப் பகிர்வுக்குப் பொருளில்லை. தாம்பத்தியத்தில் நாட்டம் குறைந்தது. அறவே இல்லாமற்போனது என்று சொல்ல மாட்டேன். பசியில்லாத ஒருவன் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது என்பதற்காக இலை முன் அமர்வதைப் போலிருந்தது. விரைகளில் லேசான வலி பத்து நாள் இருந்தது. மாத்திரையை நிறுத்தினேன். மூன்று வாரத்தில் வலி போயிற்று, நாட்டமும் ஏறக்குறைய மீண்டது. இவ்வளவோடு முடிந்திருந்தால், "எனக்குப் பக்கவிளைவு வந்தது, நிறுத்தியதும் சரியாயிற்று" என்று தெளிவாக எழுதியிருப்பேன். ஆனால் அந்த மூன்றாம் மாதத்தில்தான் தகப்பனார் அறுவை சிகிச்சைக்காக மருத்துவமனையில் இருந்தார். இரவுகளில் அவர் கட்டிலருகே நாற்காலியில் தூங்கினேன். நான் மாத்திரையை நிறுத்திய வாரத்திலேயே அவர் வீடு திரும்பினார். நாட்டத்தைக் குறைத்தது மாத்திரையா, நாற்காலித் தூக்கமா? எட்டு ஆண்டுகளாக எனக்கு நானே கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. விடை கிடைக்கும்படியாக அந்த மாதத்தை மறுபடி வாழ முடியாது.

மீண்டும் தொடங்கியபோது ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்று குறைத்துக்கொண்டேன். பாதி மருந்தென்றால் பாதி ஆபத்து என்பது என் கணக்கு. மருத்துவர் அதைக் கேட்டுச் சிரிக்காமல் விளக்கினார்: இந்த மருந்தின் விளைவு அளவுக்கு நேர்விகிதத்தில் ஏறி இறங்குவதில்லை, 0.2 மில்லிகிராம்கூட இரத்தத்தின் டி.ஹெச்.டி.யை 1 மில்லிகிராம் குறைக்கும் அளவுக்குக் கிட்டத்தட்டக் குறைத்துவிடும். அதாவது நான் குறைத்தது பெரும்பாலும் என் பயத்தைத்தான். இரண்டாம் முறை நாட்டம் குறையவில்லை. அதற்காக மகிழ்வதா, முதல் முறை வந்தது வெறும் மனப்பிரமை என்று வெட்கப்படுவதா என்றுகூட எனக்குத் தெளிவில்லை.

எண்களைத் தேடிப் போனால் ஆறுதலும் கலக்கமும் ஒரே இடத்தில் கிடைக்கின்றன. ஒப்புதலுக்கான ஓராண்டுச் சோதனைகளில் பாலுறவு சார்ந்த பக்கவிளைவு மாத்திரை எடுத்தவர்களில் 3.8 விழுக்காட்டினருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 2.1 விழுக்காட்டினருக்கும் வந்தது. வெறும் மாவை விழுங்கியவர்களில் நூற்றுக்கு இரண்டு பேருக்கு நாட்டம் போகிறது என்றால், நான் எந்தக் கூட்டம்? 2007-இல் வெளியான ஓர் இத்தாலிய ஆய்வு இதைவிடச் சங்கடமானது. புரோஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராம் எடுத்தவர்களில், பாலுறவுப் பக்கவிளைவு வரக்கூடும் என்று சொல்லப்பட்டவர்களுள் 43.6 விழுக்காட்டினர் அதை அனுபவித்ததாகச் சொன்னார்கள், சொல்லப்படாதவர்களுள் 15.3 விழுக்காட்டினரே சொன்னார்கள். எச்சரிக்கையே நோயைத் தூண்டுகிறது என்று இதைக் காட்டி நகைத்துவிட முடியாது. மாத்திரையை நிறுத்திய பின்னும் விறைப்புக் குறைவும் நாட்டமின்மையும் தொடர்ந்த ஆண்கள் இருக்கிறார்கள். அந்த முறையீடுகள் 2011-இலும் 2012-இலுமாக அமெரிக்காவில் மருந்தின் எச்சரிக்கைத் தாளில் சேர்க்கப்பட்டன. 2025-இல் ஐரோப்பிய மருந்து முகமை தற்கொலை எண்ணத்தை இம்மருந்தின் பக்கவிளைவாக உறுதிசெய்தது. எத்தனை பேரில் ஒருவருக்கு என்று கணிக்க இயலவில்லை என்றும் கூறியது.

இந்தச் செய்தியைப் படித்த அன்றிலிருந்து என் அன்றாடம் எப்படி மாறியது என்பதே இந்தப் பகிர்வின் மையம். ஞாயிற்றுக்கிழமை மாலையில் காரணமில்லாமல் ஒரு சோர்வு வரும், யாருக்கும் வரும். மற்றவர்கள் அதை ஞாயிற்றுக்கிழமையின் கணக்கில் எழுதிவிட்டு எழுந்துபோய்விடுவார்கள். நான் அதை மாத்திரையின் கணக்கில் எழுதலாமா என்று ஒரு மணி நேரம் யோசிப்பேன். மனைவியிடம் எரிந்து விழுந்தால், நானா, மாத்திரையா? நேற்றுப் படித்தது நினைவுக்கு வராவிட்டால், வயதா, மாத்திரையா? அலுப்பாக ஓர் இரவு திரும்பிப் படுத்துவிட்டால் மறுநாள் காலை வரை ஒரு விசாரணை ஓடும். சோர்வைச் சோர்வாகவே அனுபவிக்கும் சுதந்திரத்தை இந்த மாத்திரை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டது. எச்சரிக்கைத் தாளின் எந்த வரியிலும் இதற்குப் பெயரில்லை.

இந்தக் கண்காணிப்பு வேறோர் இடத்தில் மட்டும் என்னைக் கைவிட்டது. சென்ற மாதம் முழு உடல் பரிசோதனை செய்துகொண்டேன். புரோஸ்டேட் சுரப்பிக்கான பி.எஸ்.ஏ. என்ற இரத்தச் சோதனையில் 0.9 என்று வந்திருந்தது. மகிழ்ச்சியோடு மருத்துவர் முன் அமர்ந்தேன். "வேறு மருந்து ஏதேனும் எடுக்கிறீர்களா?" என்றார். "எதுவுமில்லை" என்றேன். பொய் சொல்லும் எண்ணம் இல்லை. முடிக்குச் சாப்பிடுவதை மருந்து என்று என் வாய் எண்ணுவதில்லை. கதவருகே வந்தபின்தான் உறைத்தது. திரும்பிப் போய்ச் சொன்னேன். அவர் அறிக்கையை மறுபடி வாங்கி, 0.9-ஐ அடிக்காமல், அதன் பக்கத்தில் சிறிதாக "× 2 = 1.8" என்று எழுதினார். ஃபினாஸ்டெரைடு பி.எஸ்.ஏ. அளவைப் பாதியாக்கிக் காட்டும்; 1 மில்லிகிராமும் அதைச் செய்யும்; புற்றுநோய் தொடங்கினால் எச்சரிக்க வேண்டிய எண், எடுப்பவன் வாய் திறக்காவிட்டால் அமைதியாக இருந்துவிடும். 1.8 கவலைக்குரிய அளவன்று என்றார். அந்தப் பெருக்கல் குறியைப் பார்த்துக்கொண்டே வீடு திரும்பினேன்.

இரத்ததானத்திலும் இதேபோல் ஒன்று நடந்தது. படிவத்தில் மருந்தின் பெயரை எழுதியதும், கடைசி மாத்திரைக்குப் பிறகு ஒரு மாதமாவது கழிந்திருக்க வேண்டும் என்று செவிலியர் திருப்பி அனுப்பினார். அந்த இரத்தம் கருவுற்ற பெண்ணுக்குச் சென்றால், வயிற்றில் இருப்பது ஆண் குழந்தையானால், பிறப்புறுப்பு வளர்ச்சி கெடக்கூடும் என்பது காரணம். "எதற்காக இந்த மருந்து?" என்று அவர் கேட்டபோது எனக்குப் பின்னால் ஆறு பேர் நின்றிருந்தார்கள். "முடிக்கு" என்றேன். நியாயமான விதி, ஆறு பேர் காதில் விழுந்ததுதான் நியாயமில்லை. மனைவி கருவுற்றிருந்த மாதங்களிலும் இதே காரணத்துக்காக, 5 மில்லிகிராம் மாத்திரையை வெட்டிக் கால் துண்டாக எடுக்கும் என் சிக்கனப் பழக்கத்தை விட்டு, மேற்பூச்சு உடையாத முழு மாத்திரைக்கு மாறினேன். வெட்டும் கத்தியில் ஒட்டிய தூளைத் துடைக்கும்போது இருந்த பதற்றத்துக்கு அது எவ்வளவோ மேல்.

இனி நண்பருக்கான பதில். முடி நின்றிருக்கிறது. உறுதியாக மாத்திரைமேல் சுமத்தக்கூடிய பக்கவிளைவு எட்டு ஆண்டில் ஒன்றுகூட இல்லை. கூட்டிக் கழித்தால் மாத்திரை வென்றுவிட்டது. இவ்வளவையும் எழுதியபின், வேண்டாம் என்றுதான் எனக்குச் சொல்லத் தோன்றியது. அப்படியே நேற்றிரவு எழுதி அனுப்பினேன். மொட்டைத் தலையோடு ஒருவன் நிம்மதியாகச் சோர்ந்துபோகலாம் என்றும் ஒரு வரி சேர்த்தேன். அது சற்று அதிகம்தான்.

கால் மணி நேரத்தில் சொல் ஏதுமின்றி ஒரு புகைப்படம் வந்தது. அவருடைய உச்சந்தலை. இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். நடுவே மெலிந்த முடிகளுக்கிடையில் தோல் தெரிந்தது. ஓரங்களில் மயிர்க்கால்கள் இன்னும் பிழைத்திருந்தன. 35 வயதில் கண்ணாடியில் எனக்குக் காட்டப்பட்ட அதே நாணயம். உடனே மறுபடி எழுதினேன்: "இந்த மாதத்துக்குள் தோல் மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள். மனச்சோர்வு முன்பு இருந்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். தொடங்குவதாக இருந்தால், முதல் மாத்திரைக்கு முன் ஒரு மாதம், தூக்கம், மனநிலை, நாட்டம் மூன்றையும் தினமும் ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். நான் அதைச் செய்யவில்லை."

"எந்த நோட்டு?" என்று கேட்டிருக்கிறார். எதுவாக இருந்தாலும் சரி, தேதி போட்டு எழுதச் சொன்னேன்.