காடு எந்த வாரம் துளிர்த்தது? மோடிஸ், லேண்ட்சாட், சென்டினல்-2

காட்டின் பருவ மாற்றத்தைச் செயற்கைக்கோள் படத்தில் பார்க்க நினைப்பவர்கள் முதலில் தேடுவது கூர்மையான படத்தைத்தான். ஆனால் இங்கே கேள்வி வேறு: எந்த வாரம் துளிர்த்தது, எந்த வாரம் இலை பழுத்தது? மொட்டையாக நிற்கும் இலையுதிர் காடு பச்சை கட்ட இரண்டு மூன்று வாரமே போதும். அதற்குள் மேகமில்லாத படம் எத்தனை கையில் சிக்கும்? நான் எடைபோடுவது இதை வைத்துத்தான். மோடிஸ் கருவி, லேண்ட்சாட், சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் ஆகிய மூன்றின் தரவும் இலவசம் என்பதால் காசுக் கணக்கு வேண்டாம்.

லேண்ட்சாட் இந்த வேலைக்குப் பலரும் நினைக்கும் அளவுக்குப் பொருந்தாது. 30 மீட்டர் பிக்சல் (படத்தின் ஒரு புள்ளி தரையில் 30 மீட்டர்ச் சதுரம்), நல்ல தெளிவு, சரி. ஆனால் ஒரு லேண்ட்சாட் அதே இடத்துக்குத் திரும்ப 16 நாள் ஆகும். ஆண்டுக்குச் சுமார் 23 முறை. அதில் பாதியை மேகம் தின்றுவிட்டால் துளிர்க்கும் காலம் முழுவதும் கண்ணில் படாமலே போகலாம். லேண்ட்சாட் 8, 9 இரண்டையும் சேர்த்தால் எட்டு நாளுக்கு ஒன்று, பரவாயில்லை. அதன் உண்மையான பலம் வயது. 1972-இல் தொடங்கிய வரிசை, 30 மீட்டர் படங்கள் 1982 முதல். நாற்பது ஆண்டுகளில் துளிர்க்கும் நாள் முன்னே நகர்ந்திருக்கிறதா என்று இந்த அளவு நுணுக்கத்தில் கேட்டால், பதில் சொல்ல வேறு ஆள் கிடையாது.

மோடிஸ் இதற்கு நேர் எதிர். டெர்ரா (1999), அக்வா (2002) என்ற இரண்டு செயற்கைக்கோள்களிலும் இருக்கும் இந்தக் கருவி உலகத்தை ஏறக்குறைய தினமும் பார்த்துவிடும். பதினாறு நாள் படங்களில் நல்லதைப் பொறுக்கித் தொகுத்த தாவரக் குறியீடு (பசுமையைச் சொல்லும் எண்) தயாராகவே கிடைப்பதால், வரைபடக் கோடு வழுவழுவென்று வரும். விலை, பிக்சலில். 250 மீட்டர் என்றால் 6.25 ஹெக்டேர். ஓடைக்கரையின் பசுமைமாறா மரம், சரிவின் இலையுதிர் மரம், நடுவே ஒரு பாறை எல்லாம் ஒரே எண்ணாகிவிடும். இன்னொன்றும் உண்டு: தொகுப்பின் மதிப்பு அந்தப் பதினாறு நாளில் எந்த நாளிலிருந்தும் வந்திருக்கலாம். எந்தப் பிக்சல் எந்த நாளுடையது என்று சொல்ல கூடவே வரும் நாள் அடுக்கைப் பார்க்காமல் தேதி சொன்னால் இரண்டு வாரம் வரை பிசகும்.

ஒரு குறிப்பிட்ட காட்டைத்தான் பார்க்கிறீர்கள் என்றால் என் தேர்வு சென்டினல்-2. முதல் செயற்கைக்கோள் 2015-இல், இரண்டாவது 2017-இல். இரண்டு செயற்கைக்கோள்கள் சேர்ந்து ஐந்து நாளுக்கு ஒரு முறை, 10 மீட்டரில். மோடிஸின் ஒரு பிக்சலுக்குள் இதன் பிக்சல் 625 அடங்கும். அப்புறம், சிவப்புக்கும் அண்மை அகச்சிவப்புக்கும் இடையிலான விளிம்பில் இதற்கு மூன்று பட்டைகள், அதாவது தனித்தனியாகப் பதிவாகும் ஒளி அலைநீளத் துண்டுகள், உண்டு (அவை 20 மீட்டர்). இலை உதிரும் முன் பச்சையம் குறைவதை அவை நன்றாகப் பிடிக்கின்றன. ஒரு கண்ணி: 2022 ஜனவரி இறுதியில் செயலாக்க முறை மாறி, பிக்சல் எண்களில் 1000 கூட்டப்படத் தொடங்கியது. அதைக் கழிக்காமல் பழைய படங்களோடு சேர்த்து என்டிவிஐ (அண்மை அகச்சிவப்புக்கும் சிவப்புக்கும் உள்ள வேறுபாட்டை அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்த தாவரக் குறியீடு) கணக்கிட்டால், அந்த மாதம் காடு திடீரென வாடியது போலத் தெரியும். தொகுதியில் மாற்றமில்லை, பகுதி மட்டும் பெருத்துவிடுகிறது.

எதை எடுத்தாலும் என்டிவிஐயை அடர்ந்த காட்டில் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. ஓர் அளவுக்கு மேல் இலை கூடினாலும் எண் ஏறாது. நீலப் பட்டையையும் சேர்க்கும் இவிஐ என்ற இன்னொரு தாவரக் குறியீடு அங்கே மேல், ஆனால் அதற்கும் பலவீனம் உண்டு. அமேசான் காடு வறண்ட பருவத்தில் பசுமையாகிறது என்று மோடிஸின் இவிஐயை வைத்து 2006-இல் ஓர் ஆய்வு சொன்னது. சூரியனும் கருவியும் நிற்கும் கோணம் மாறுவதால் வந்த தோற்றமே அது என்று 2014-இல் இன்னோர் ஆய்வு மறுத்தது. ஆண்டு முழுக்கப் பச்சையாக நிற்கும் காட்டில் கோணத் திருத்தம் செய்யாமல் நான் கோடு வரைவதே இல்லை.

மழைக்காலம் முழுக்க மேகமே என்றால் சென்டினல்-1 ரேடார் உண்டு. மேகத்தை ஊடுருவும், ஆனால் அது பார்ப்பது பச்சையை அல்ல; கிளை, இலைகளின் அமைப்பையும் ஈரத்தையும். நேற்றுப் பெய்த மழையும் அதில் பருவ மாற்றம் போலத் தெரியலாம்.