நெல்லா, கரியா, சங்கா: வைகைக் கரையில் காலம் கணிக்க எது தேறும்?

கீழடிப் பக்கம் ஒரு குழி. ஒரே மண்ணடுக்கில் அடுப்புக்கரி, கருகிய நெல், சங்கு வளையல் துண்டு, எலும்பு நான்கும் கிடைக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஆய்வகத்துக்கு ஒன்றை மட்டும் அனுப்பத்தான் காசு இருக்கிறது. எதை அனுப்புவது?

நான்கும் ஒரே நாளில் மண்ணுக்குள் போயிருந்தாலும் ரேடியோகார்பன் கணிப்பு நான்குக்கும் ஒரே வயதைச் சொல்லாது. சங்கு சில நூறு ஆண்டு மூப்பாக வந்து நிற்கும். கரியும் நெல்லைவிட மூத்ததாக வரலாம். ‘கார்பன் டேட்டிங் பண்ணியாச்சு’ என்று சொன்னதுமே நம் ஊரில் பேச்சு முடிந்துவிடுகிறது. எந்தப் பொருளுக்குப் பண்ணினார்கள் என்று கேட்கிறவர் குறைவு.

வில்லார்ட் லிபி 1949-ல் செய்து காட்டிய முறை இது; 1960-ல் அவருக்கு நோபல் பரிசும் வாங்கித் தந்தது. காற்றில் இருக்கும் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் செடிக்குள் போகிறது, செடியைத் தின்பவற்றுக்குள்ளும் போகிறது. உயிர் போனதும் வரத்து நின்று, உள்ளே இருப்பது 5,730 ஆண்டுக்குப் பாதியாகக் குறைகிறது. மிச்சத்தை அளந்தால் வயது தெரியும். இதில் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது: அந்தப் பொருள் தன் காலத்துக் காற்றிலிருந்து கார்பனை எடுத்திருக்க வேண்டும். நெல் அப்படித்தான் எடுக்கிறது. சங்கு அப்படி எடுப்பதில்லை.

மன்னார் வளைகுடாச் சங்கு தன் ஓட்டைக் கடல்நீரில் கரைந்திருக்கும் கார்பனிலிருந்து கட்டுகிறது. ஆழ்கடல் நீர் பல நூற்றாண்டுகள் காற்றையே பார்க்காமல் கிடந்துவிட்டு மேலே வந்து கலக்கிறது. அதனால் கடல்நீரில் எப்போதும் கொஞ்சம் பழைய கார்பன் தேங்கியிருக்கும். தேக்க விளைவு என்று சொல்வது இதைத்தான். நூற்றுக்கு ஐந்து பங்கு கார்பன்-14 குறைந்தாலே வயது சுமார் 400 ஆண்டு கூடிவிடும். அளந்த வயதை ஆண்டாக மாற்ற உதவும் வரைகோட்டுக்குத் திருத்த வளைவு என்று பெயர்; கடல் பொருள்களுக்கென்று தனி வளைவு இருக்கிறது. ஆனால் அது உலகச் சராசரி. அரபிக்கடலுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் ஒரே திருத்தம் பொருந்தாது. அணுகுண்டுச் சோதனைகள் காற்றைக் கெடுப்பதற்கு முன்பு, இன்ன ஆண்டில் இன்ன கரையில் எடுத்தது என்று குறித்து அருங்காட்சியகங்களில் வைத்த சிப்பிகளை அளந்துதான் அந்தந்தக் கடலுக்கான திருத்தத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். அந்தத் திருத்தமும் நேற்றைய கடலுக்கு உரியது. 2,500 ஆண்டுக்கு முன்பும் கடல் அப்படியே இருந்தது என்று நம்பித்தான் அதைப் போடுகிறோம்.

கடலுக்காவது இப்படி ஒரு கணக்கு உண்டு. கண்மாய் நத்தைக்கு அதுவும் கிடையாது. சுண்ணாம்புப் பாறையில் கார்பன்-14 சுத்தமாக இல்லை. சுண்ணாம்புச் சுக்கான் படிந்த மண்ணில் ஊறி வரும் தண்ணீர் அந்தப் பழைய கார்பனைக் கரைத்துக் கொண்டுவருகிறது. நத்தை அதை ஓட்டில் சேர்த்துக்கொள்கிறது. எவ்வளவு என்பது கண்மாய்க்குக் கண்மாய் மாறும், மழைக்கு மழையும் மாறும். மீனுக்கும் இதே கதிதான். வைகை அயிரையில் வைத்த குழம்பு சட்டியில் அடிப்பிடித்து, அந்தக் கருகலை இன்று சுரண்டி அனுப்பினால், சமைத்தவரைவிடக் குழம்பு மூத்ததாக வந்தாலும் வியப்பதற்கில்லை. என் பட்டியலில் நத்தை ஓட்டுக்குக் கடைசி இடம்.

எலும்பைப் பற்றி நிறையச் சொல்ல இல்லை. அதில் கணிப்புக்கு உதவுவது கொல்லாஜன் என்ற புரதம். நம் வெயிலும் ஈரமும் மாறி மாறி அதைக் கரைத்துவிடுகின்றன. கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகையின் ஈமத்தாழிகளைப் போல எலும்பு கிடைக்கிற இடத்திலும், கொல்லாஜன் போதிய அளவு தேறுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். தேறினாலும் இறந்தவர் மீன் தின்றவரா என்ற கேள்வி வரும். எலும்பில் நைட்ரஜன்-15 கூடியிருக்கிறதா என்று பார்த்து அதை ஓரளவு ஊகிக்கலாம்.

இனி கரி. கீழடியைப் பற்றி நாம் பேசுகிற காலக் கணக்குகளில் பெரும்பங்கு கரியிலிருந்து வந்தது. 2017-ல் வெளியான முதல் இரண்டு மாதிரிகளின் வயது 2,160, 2,200 ஆண்டுகள், 30 ஆண்டு முன்பின்னாக. பிறகு தமிழக அரசுத் தொல்லியல் துறை ஆறு மாதிரிகளை அமெரிக்காவின் பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்கு அனுப்பியது. 353 செ.மீ. ஆழத்தில் எடுத்தது கி.மு. 580, 200 செ.மீ. ஆழத்தில் எடுத்தது கி.மு. 205 என்று 2019-ல் அறிவித்தார்கள். ஆழம் கூடக் கூட வயதும் கூடுவது நல்ல அறிகுறி.

கரிக்குத் தேக்க விளைவு கிடையாது. அதன் தொல்லை வேறு. மரத்தின் ஒவ்வொரு வளையமும் உருவான ஆண்டோடு கார்பன் வாங்குவதை நிறுத்திவிடுகிறது. முந்நூறு வயது மரத்தின் நடுவில் இருக்கும் வைரத்தை இன்று எரித்தால் கரி முந்நூறு ஆண்டு முந்திய கணக்கைக் காட்டும். நல்ல மரத்தை யாரும் ஒரு தடவையோடு விடுவதுமில்லை. காரைக்குடிக் கடைகளில் பழைய வீட்டுத் தேக்குத் தூண்களும் நிலைக்கதவுகளும் விலைக்குப் போய் வேறு வீட்டில் நிற்பதை இன்றும் பார்க்கலாம். ஆகவே கரி சொல்வது ‘இந்த அடுக்கு இதற்கு முந்தியதாக இருக்க முடியாது’ என்பதை மட்டும்தான். சுள்ளியாகவோ விதையாகவோ இருந்தால் இந்தக் குறை பெரிதும் குறையும். கரியை அனுப்பும் முன் அது என்ன மரம், எந்தப் பாகம் என்று நுண்ணோக்கியில் பார்ப்பது அதனால்தான் முக்கியம்.

நெல்லுக்கு இரண்டு தொல்லையும் இல்லை: ஒரு போகத்தில் முளைத்து, காற்றைக் குடித்து, அறுவடையாகிவிடுகிறது. பழனிக்குப் பக்கத்தில் பொருந்தலில் தொல்லியலாளர் கா. ராஜன் குழுவினர் எடுத்த நெல் கி.மு. 490 என்று வந்தது. சிவகளையில் தாழிக்குள் இருந்த நெல் கி.மு. 1155 என்று 2021-ல் அறிவித்தார்கள். இரண்டிலும் நெல் பாத்திரத்துக்குள் இருந்தது என்பதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. மண்ணில் தனியாகக் கிடக்கும் நெல்மணியை அப்படி நம்ப முடியாது. சித்திரையில் கரிசல் வெடித்துக் கிடக்கும்போது மேலே இருப்பது முழ ஆழம் இறங்கிவிடும். மிச்சத்தை எலி பார்த்துக்கொள்ளும்.

அப்படியானால் நெல்லை அனுப்பிவிட்டு நிம்மதியாக இருக்கலாமா? கீழடிக் காலத்துக்கு அதுவும் முடியாது. காற்றில் கார்பன்-14 அளவு எல்லாக் காலத்திலும் ஒன்றாக இருந்ததில்லை. அதனால் அளந்த வயதைத் திருத்த வளைவில் வைத்துத்தான் ஆண்டாக மாற்றுகிறார்கள். கி.மு. 800 முதல் 400 வரை அந்த வளைவு ஏறக்குறையத் தட்டையாகக் கிடக்கிறது. ஹால்ஸ்டாட் மேடு என்பது அதன் பெயர். 2,450 ஆண்டு, 30 முன்பின் என்று ஆய்வகம் சொன்னால், அது கி.மு. 750-க்கும் 410-க்கும் இடையில் எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். கி.மு. 580 இந்த மேட்டின் நடுவில்தான் விழுகிறது. கீழடியில் முதல் அகழாய்வுகளை நடத்திய அமர்நாத் ராமகிருஷ்ணாவின் அறிக்கை கீழடியைக் கி.மு. 8-ஆம் நூற்றாண்டிலிருந்து தொடங்குகிறது. அதைத் திருத்தித் தரும்படி இந்தியத் தொல்லியல் துறை 2025-ல் கேட்டது. அந்த விவாதத்தில் எட்டாம் நூற்றாண்டா, ஐந்தாம் நூற்றாண்டா என்று ஒற்றை நெல்மணியோ ஒற்றைக் கரித்துண்டோ தீர்ப்புச் சொல்லிவிடாது.

மேட்டில் கரியின் குறையே பலமாக மாறுவதுண்டு. ஆண்டு வளையம் தெளிவாகத் தெரிகிற தேக்குக்கட்டை ஒன்று கிடைத்தால், இடைவெளி தெரிந்த பல வளையங்களைத் தனித்தனியாக அளந்து, வளைவின் நெளிவுகளோடு பொருத்திப் பார்க்கலாம். வரம்பு நன்றாகச் சுருங்கும். அப்படிக் கட்டை கிடைக்காத இடத்தில், மேலும் கீழுமான அடுக்குகளிலிருந்து பல மாதிரிகள் எடுத்து, எது முந்தியது எது பிந்தியது என்ற வரிசையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஓட்டாஞ்சில்லை ஒளிவழிக் கணிப்புக்குக் கொடுப்பது இன்னொரு வழி; பானையைச் சுட்ட பிறகு அதில் சேர்ந்த கதிர்வீச்சின் அளவை ஒளியாக வெளிவரச் செய்து அளக்கும் முறை அது. அதற்குத் தேக்கமும் இல்லை, மேடும் இல்லை. ஆனால் பிழை நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை போகும். 2,500 ஆண்டுக்கு அது 125 முதல் 250 ஆண்டு.

என் வரிசை இது: பாத்திரத்துக்குள் கிடைத்த நெல், அடுத்து சுள்ளிக்கரி, பிறகு வளையம் எண்ணக்கூடிய கட்டை, அதன் பின் எலும்பு. இரண்டாவது மாதிரிக்கும் காசு கிடைத்தால் நெல்லோடு அந்தச் சங்குத் துண்டையும் சேர்த்து அனுப்புவேன். நெல்லுக்கும் சங்குக்கும் வரும் வித்தியாசத்தை வைத்து, அந்தச் சங்கு வளர்ந்த காலத்தில் மன்னார் கடலில் எவ்வளவு பழைய கார்பன் தேங்கியிருந்தது என்று கணக்கிட முடியும். பழைய துறைமுகமான அழகன்குளத்தில் அடுத்து ஒரு சங்கு தனியாகக் கிடைக்கும்போது அந்த எண் உதவும்.