சாதாரண நாளின் தரம்: உணவகங்களைத் தொடர்ந்து மதிப்பிட்டுவந்த அனுபவம்

சுற்றுவட்டாரத்து உணவகங்களிலும் காபிக் கடைகளிலும் சாப்பிட்டுவிட்டு, உணவு எப்படி இருந்தது, எப்படி உபசரித்தார்கள், கொடுத்த பணம் தகுமா என்ற மூன்றையும் குறித்துவைக்கும் பழக்கத்தைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து வருகிறேன். குறிப்பிட்ட ஒரு கடையைப் பற்றி இங்கு எழுதப்போவதில்லை. இவ்வாறு மதிப்பிடும் முறையை நெடுங்காலம் கையாண்டதில் எனக்கு உறுதிப்பட்டவற்றை எழுதுகிறேன். அவற்றுள் முதன்மையானது, ஓர் உணவகத்தின் தரத்தை அதன் சாதாரண நாளில்தான் காண முடியும் என்பதாகும். திறப்பு விழா வாரத்தில் எந்தக் கடையும் நன்றாகச் சமைக்கும். கூட்டம் நெருக்கும் இரவிலும், மதியச் சாப்பாடு முடியும் கடைசி அரைமணி நேரத்திலும், தலைமைச் சமையற்காரர் விடுப்பில் இருக்கும் நாளிலும் அதே கடை என்ன தருகிறது என்பதை அறிய, திரும்பத் திரும்பச் செல்வதைத் தவிர வேறு வழியில்லை.

உணவக மதிப்பீட்டைத் தொழிலாகக் கொண்டவர்கள் இதை முன்பே உணர்ந்திருந்தார்கள். டயர் நிறுவனமான மிச்செலின் 1900இல் வாகன ஓட்டிகளுக்காக ஒரு கையேட்டை வெளியிடத் தொடங்கி, 1926இல் நல்ல சமையலுக்கு நட்சத்திரம் தரும் வழக்கத்தைக் கொண்டுவந்தது. அதன் ஆய்வாளர்கள் தம்மை அடையாளம் காட்டிக்கொள்ளாமல், பணம் கொடுத்தே சாப்பிடுகிறார்கள். அவர்கள் பார்க்கும் கூறுகளில் ஒன்று, பட்டியல் முழுவதிலும் காலப்போக்கிலும் தரம் குன்றாமல் இருக்கிறதா என்பது. நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் 1957இல் உணவுப் பகுதி ஆசிரியரான கிரெய்க் கிளைபோர்ன், யாரென்று தெரிவிக்காமல் செல்வது, ஒரே இடத்தில் பலமுறை சாப்பிடுவது, செலவை நாளிதழே ஏற்பது என்னும் ஒழுங்குகளை வகுத்து நிலைநாட்டினார். 1979இல் தொடங்கிய ஸாகாட் கையேடு, சாப்பிட்டவர்களின் கருத்துகளையே திரட்டி, உணவு, அலங்காரம், சேவை ஒவ்வொன்றுக்கும் 30க்கு எத்தனை என்று தனித்தனி மதிப்பெண் தந்து, செலவை வேறாகக் குறித்தது.

இன்று கைப்பேசிச் செயலிகளில் எல்லாவற்றையும் ஒரே எண்ணாகக் கலந்து ஐந்துக்கு இவ்வளவு என்று காட்டுவதைவிட அந்தப் பழைய பிரிப்பு மேலானது என்பது என் உறுதியான கருத்து. சமையல் அருமையாக இருந்து பரிமாறத் தாமதமாகும் கடையும், சமையல் சுமாராக இருந்து இடம் மட்டும் அழகாக இருக்கும் கடையும் ஒரே மூன்றரை நட்சத்திரத்தோடு அருகருகே நிற்கும்போது, அவசரமாகச் சாப்பிட வருபவருக்கும், ஆறஅமர உட்கார்ந்து பேச வருபவருக்கும் அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை. ஆகவே உணவு, சேவை, மதிப்பு ஆகிய மூன்றுக்கும் நான் மூன்று தனிக் குறிப்புகளையே எழுதுகிறேன். அவற்றைக் கூட்டிச் சராசரி எடுப்பதில்லை.

உணவைப் பொறுத்தவரை, ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றை வாங்கிச் சுவைப்பது மகிழ்ச்சியைத் தரும், ஒப்பிடுவதற்கு உதவாது. எனவே ஒரு கடையில் அதிகம் விற்கும் எளிய உணவு ஒன்றை அளவுகோலாக வைத்துக்கொண்டு, அதை ஒவ்வொரு வருகையிலும் வாங்குகிறேன்; அதனோடு வேறொன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். உப்பு, கெட்டித்தன்மை, வெந்த பதம், தட்டில் வரும் அளவு ஆகிய நான்கும் மாறாமல் இருந்தால், அந்தச் சமையற்கட்டில் அளந்து சமைக்கும் ஒழுங்கு இருக்கிறது என்று நம்பலாம். ஆள் மாறினால் இவற்றுள் முதலில் அசைவது உப்பு என்பதைப் பல கடைகளில் கண்டிருக்கிறேன். வெகுநாள் விரும்பிச் சென்ற ஒரு சிறிய கடையில், கூட்டமோ அலங்காரமோ சற்றும் குறையாத நிலையில், உப்பு ஒரு வாரம் தூக்கலாகவும் மறுவாரம் மந்தமாகவும் வரத் தொடங்கியது; பின்னர் விசாரித்தபோது, நெடுநாள் இருந்த சமையற்காரர் விலகிவிட்டதாகச் சொன்னார்கள். நட்சத்திர எண்ணிக்கையில் அந்த மாற்றம் தெரிவதற்குப் பல மாதங்கள் ஆயின, ஏனெனில் பழைய நல்ல மதிப்பீடுகளின் கனம் புதிய குறைகளை அமுக்கி வைத்திருந்தது. செயலியில் ஒரு கடையைப் பார்க்கும்போது மொத்தச் சராசரியை விட்டுவிட்டு, அண்மைய சில மாதங்களில் எழுதப்பட்டவற்றை மட்டும் படிப்பது நல்லது.

செல்லும் நேரமும் முக்கியமானது. சமைத்த உணவு 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பநிலையில் கிடந்தால் கிருமிகள் விரைந்து பெருகும் என்றும், சமைத்ததை அறை வெப்பநிலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்றும் உலகச் சுகாதார நிறுவனத்தின் உணவுப் பாதுகாப்பு அறிவுரை சொல்கிறது. வாடிக்கையாளர் வெப்பமானியோடு போவதில்லை என்றாலும், தாமே எடுத்துப் போட்டுக்கொள்ளும் பஃபே வரிசையில் பாத்திரங்களிலிருந்து ஆவி எழுகிறதா, மூடி வைக்கிறார்களா, குறைந்த பாத்திரத்தின் மேலேயே புதியதைக் கொட்டுகிறார்களா அல்லது பாத்திரத்தையே மாற்றுகிறார்களா என்பதைக் கண்ணாலேயே பார்த்துவிடலாம். மதியம் தொடங்கும் வேளையைவிட, முடியும் வேளையில்தான் இது துலக்கமாகத் தெரிகிறது.

மறுபடி சூடாக்கித் தருவதைக் கண்டுபிடிப்பதும் கடினமன்று. மாவுச்சத்து மிகுந்த உணவு குளிர்பெட்டியின் வெப்பநிலையில்தான் மிக விரைவாக விறைக்கிறது. சூடாக்கினால் ஓரளவு இளகி, ஆறியதும் மறுபடி விறைத்துவிடும். எனவே தட்டு ஆவி பறக்க வந்து, சில நிமிடங்களுக்குள் உதிரியாகவும் வறட்டுத்தனமாகவும் மாறினால், அது அன்றைய சமையலாக இருக்க வாய்ப்பு குறைவு. முறையாகக் குளிர வைத்து, முழுதும் கொதிக்கச் சூடாக்கித் தருவதில் ஆபத்து ஒன்றும் இல்லை. ஆயினும் புதிதாகச் சமைத்ததற்கான விலையை அதற்கு வாங்குவதை மதிப்புக் குறிப்பில் எழுதியே ஆக வேண்டும். பொரித்தவற்றை இரவில் வாங்கிப் பார்க்க வேண்டும். பலமுறை காய்ந்த எண்ணெயில் சேரும் சிதைவுப் பொருள்கள் ஏறத்தாழ 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைக் கொட்டிவிட வேண்டும் என்பது பல நாடுகளின் விதி. அந்த அளவு நமக்குத் தெரியாவிட்டாலும், நாக்கில் ஒட்டும் பிசுபிசுப்பும், சிக்கு வாடையும், பொருளின் மேல் ஏறிய கருமையும் தெரியும்.

காபிக் கடைகளுக்குத் தனி அளவுகோல் வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் அங்கே ஒரு நாளுக்குள்ளேயே தரம் மாறுகிறது. அழுத்தத்தில் வடிக்கும் காபியான எஸ்பிரெசோ ஒரு கோப்பை இறங்க ஏறத்தாழ 25 முதல் 30 வினாடி ஆக வேண்டும் என்பது தொழிலில் வழங்கும் கணக்கு. காற்றின் ஈரப்பதமும் கொட்டையின் வயதும் மாற மாற, அந்த நேரத்தைக் காக்க அரவையின் நுண்மையை நாள் முழுவதும் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். இதைச் செய்யும் கடையில் காலை காபியும் மாலை காபியும் ஒன்றுபோல் இருக்கும். செய்யாத கடையில் ஒரு வேளை புளிக்கும், ஒரு வேளை கசக்கும். பாலை 60, 65 டிகிரியில் நிறுத்தினால் அதன் இயல்பான இனிப்பு நிற்கிறது. அதற்கு மேல் போனால் காய்ந்த வாடை எழுகிறது. வடித்த காபியைச் சூட்டுத் தட்டின் மேல் மணிக்கணக்கில் வைத்திருக்கும் கடையில் கொட்டை எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் பயனில்லை, அந்தச் சூட்டிலேயே அமிலங்கள் சிதைந்து கசப்பு ஏறிவிடும். பொடியின் பெருமையைச் சுவரெங்கும் எழுதி வைத்திருப்பதைவிட, பால் சூடாக்கும் நீராவிக் குழாயை ஒவ்வொரு முறையும் துடைக்கிறார்களா என்பதே எனக்கு அதிகம் சொல்கிறது.

இரைச்சலையும் நான் உணவுக் குறிப்பிலேயே சேர்க்கிறேன். பலத்த இரைச்சல் இனிப்பை மட்டுப்படுத்தி உணர வைக்கிறது என்று சோதனைகளில் கண்டிருக்கிறார்கள். பாட்டுச் சத்தம் ஏற்றி வைத்த கடையில் சமைப்பவரின் உழைப்பில் ஒரு பகுதி நம் நாக்குக்கு வந்து சேர்வதே இல்லை.

சேவை என்றதும் பலரும் புன்னகையையும் வேகத்தையும் எழுதுகிறார்கள். இரண்டும் வேண்டியவைதாம்; ஆனால் தவறு நேரும்போது என்ன செய்கிறார்கள் என்பதற்கே நான் அதிக இடம் தருகிறேன். கேட்டதற்கு மாறாக ஒன்று வந்துவிட்டது என்று சொன்ன மறுகணமே, வாதாடாமல் தட்டை எடுத்துச் சென்று, எவ்வளவு நேரமாகும் என்றும் சொல்லிவிட்டுப் போகும் பரிமாறுபவர் உள்ள கடை, அவருக்கு அந்த முடிவெடுக்கும் உரிமையைக் கொடுத்திருக்கிறது. அதே சூழலில் மேலாளரை அழைத்து, நீங்கள் இதைத்தான் கேட்டீர்கள் என்று நிறுவ முயலும் கடையில், அந்த ஊழியர் தட்டின் விலையைத் தன் சம்பளத்தில் இழக்க நேருமோ என்று அஞ்சுகிறார் என்பது அவர் முகத்திலேயே தெரியும். பின்னதில் குறையை ஊழியர் மேல் எழுதுவது அநியாயம். இக்காரணத்தால் ஊழியர்களைக் குறை கூறும்போது பெயரையோ அடையாளத்தையோ நான் எழுதுவதில்லை. பாராட்டும்போதும், அவர் விரும்புவார் என்று தெரிந்தால் மட்டுமே குறிப்பிடுகிறேன்.

ஒவ்வாமையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுப் பார்ப்பதும் நல்ல சோதனை. இதில் நிலக்கடலை சேர்கிறதா, பால் சேர்கிறதா என்று கேட்டால், தெரியவில்லை, உள்ளே கேட்டுச் சொல்கிறேன் என்பதே நம்பத்தக்க பதில். உடனே இல்லை என்று தலையாட்டுபவர் அன்பாகப் பேசினாலும், ஒவ்வாமை உள்ளவருக்கு அந்த இடத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மதிப்பைப் பற்றி நிலவும் தவறான கணக்கு ஒன்று, மூலப்பொருளின் விலையை மட்டும் வைத்துக் கடைக்காரரைக் கொள்ளைக்காரராக்குவது. பொதுவாக உணவகத் தொழிலில் பொருள்களுக்கான செலவு விற்பனை விலையில் மூன்றில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கும். மீதியிலிருந்துதான் வாடகை, சம்பளம், எரிபொருள், வரி, வீணாகும் பொருள் எல்லாம் போக வேண்டும். எனவே வீட்டில் இதைச் செய்ய எவ்வளவு ஆகும் என்று நான் கேட்பதில்லை. இதே விலையில் இதே வகைக் கடைகள் தருவதோடு ஒப்பிட்டு இது எங்கே நிற்கிறது என்று பார்க்கிறேன். விலையை வெளிப்படையாக ஏற்றும் கடை மீது எனக்கு மதிப்பு உண்டு. விலையை அப்படியே வைத்துவிட்டுக் கிண்ணத்தைச் சிறிதாக்குவதையும், பட்டியலில் இல்லாத சேவைக் கட்டணத்தைப் பில்லின் அடியில் சேர்ப்பதையும் குறையாகவே எழுதுகிறேன். வீட்டுக்கு வரவழைத்த உணவைக் கொண்டு கடையின் மதிப்பை நான் கணிப்பதில்லை. தரகுக் கட்டணத்தால் செயலியில் விலை கூடுதலாக இருப்பது வழக்கம், வழியில் ஆறிய சூட்டுக்கும் சமையற்காரர் பொறுப்பல்லர்.

நாம் எழுதும் சில வரிகளின் கனத்தையும் நினைவில் கொள்ள வேண்டும். ஹார்வர்டு வணிகப் பள்ளியைச் சேர்ந்த மைக்கேல் லூகா 2011இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் சியாட்டில் நகர உணவகங்களுக்கு, வாடிக்கையாளர் மதிப்பீடுகளைத் திரட்டும் யெல்ப் தளத்தில் ஒரு நட்சத்திரம் கூடினால் வருவாய் 5 முதல் 9 சதவீதம் வரை உயர்வதைக் கண்டார். அந்தத் தாக்கம் பல கிளைகள் கொண்ட பெரிய நிறுவனங்களில் தென்படவில்லை, தனி உரிமையாளர்களின் கடைகளிலேயே தென்பட்டது. அதாவது, நமது கோபம் முழுதும் போய்ச் சேர்வது பெரும்பாலும் சிறிய கடையின் கல்லாவில். பணம் வாங்கிக்கொண்டு எழுதும் பொய் மதிப்பீடுகளும் அதே கல்லாவைத்தான் அடிக்கின்றன. அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2024இல் அவற்றுக்குத் தடைவிதி கொண்டுவந்தது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் இணையத்தில் வரும் வாடிக்கையாளர் மதிப்பீடுகளுக்கென 2022இல் ஐ.எஸ். 19000 என்னும் தரநிலையை வெளியிட்டது. வாடிக்கையாளராக நாம் செய்யக் கூடியது, இலவசச் சாப்பாட்டை ஏற்காமல் இருப்பதும், ஏற்றிருந்தால் அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவதும்.

பாதகமாக எழுதும் முன் இன்னொரு வேளையில் இன்னொரு முறை போய்ப் பார்த்துவிடுகிறேன். எழுதியதோடு சென்ற நாளையும் வேளையையும் குறிக்கிறேன். கடை பிறகு தேறினால், பழைய குறிப்பை அழிக்காமல் அதன் கீழே தேறியதை அதே நீளத்துக்கு எழுதுகிறேன். மதிப்பீட்டில் நான் எழுதாமல் விடும் குறை ஒன்றே ஒன்று: உடல்நலக் கேடு. சாப்பிட்டதால் உடல்நலம் கெட்டது என்று ஐயம் வந்தால், கடைசியாகச் சாப்பிட்ட இடத்தையே குற்றம் சாட்டுவது இயல்பு. ஆனால் நோரோ வைரஸ் தொற்றின் அறிகுறி தென்பட 12 முதல் 48 மணி நேரமும், சால்மோனெல்லாவுக்குச் சில மணி நேரத்திலிருந்து ஆறு நாள் வரையும் ஆகலாம் என்பதால், காரணம் அதற்கு முந்திய வேறொரு வேளை உணவாகவும் இருக்கக் கூடும். அத்தகைய புகாரைக் கடையின் மேலாளரிடமும் உள்ளூர் உணவுப் பாதுகாப்பு அலுவலரிடமும் தெரிவிக்கிறேன். மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்ப அதிகாரம் உள்ளவர் அந்த அலுவலரே.