களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்: பிரமாணம் தேட இரண்டு அரசுத் தளங்கள்

குமரி மாவட்டத்தின் விளவங்கோடு, கிள்ளியூர் பக்கம் ‘பிரமாணம்’ என்றால் பத்திரம். களியக்காவிளை எல்லை தாண்டிக் கேரளத்துப் பாறசாலைக்குப் போனால் அதே காகிதத்துக்கு ‘ஆதாரம்’ என்று பெயர். அம்மா வழிச் சொத்து நெய்யாற்றின்கரையிலும் அப்பா வழிச் சொத்து மார்த்தாண்டத்திலுமாகக் கிடக்கிற குடும்பங்கள் இங்கே ஏராளம். ஆகவே தமிழ்நாட்டுப் பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தையும் கேரளப் பதிவுத்துறையின் தளத்தையும் சேர்த்தே எடை போட வேண்டியிருக்கிறது. தேடிக் கண்டுபிடிக்கத் தமிழ்நாட்டுத் தளம் கெட்டி, ஐந்துக்கு நான்கு தரலாம். கேரளத் தளம் என்ன வேண்டும் என்று ஏற்கெனவே தெரிந்தவருக்குத்தான் உதவும், ஐந்துக்கு மூன்று. திருவிதாங்கூர் காலத்துப் பிரமாணம் என்றால் இரண்டையும் மூடிவிட்டு அலுவலகப் படியேற வேண்டியதுதான்.

தமிழ்நாட்டுத் தளத்தின் பெரிய வரம், வில்லங்கச் சான்றை, அதாவது ஒரு சொத்தின் மேல் பதிவான கிரயம், அடமானம் முதலியவற்றின் பட்டியலை, காசில்லாமல் பார்க்கலாம் என்பது. மின்னணு சேவைகளில் வில்லங்கச் சான்று, அதில் பார்வையிடுதல். மண்டலம் திருநெல்வேலி, பதிவு மாவட்டம் மார்த்தாண்டம், பிறகு சார்பதிவகம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு. செல்போனுக்கு வரும் ஓடிபியைப் போட்டால் பிடிஎஃப் இறங்கிவிடும். கணினிப் பதிவுகள் பொதுவாக 1975 முதல் கிடைக்கும். அந்த பிடிஎஃப்பில் எல்லோரும் வாங்கியவர், விற்றவர் பெயரை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது ‘முந்தைய ஆவண எண்’ என்ற கட்டம். அதில் இருக்கும் எண்ணையும் ஆண்டையும் வைத்து ஆவண வாரியாக மறுபடி தேடினால் ஒரு படி பின்னே போகலாம். இப்படியே நான்கைந்து படி இறங்கினால் சொத்தின் வழி தெரிந்துவிடும், தரகருக்குக் கொடுக்கிற காசு மிச்சம்.

கோளாறு வருவது பெரும்பாலும் சர்வே எண்ணில். தளத்துக்கு அட்டவணையில் ஏற்றியிருக்கும் எண்தான் தெரியும், நிலம் தெரியாது. 245/3 என்று இருந்த நிலம் உட்பிரிவாகி 245/3ஏ ஆகியிருக்கும். புது எண்ணை மட்டும் போட்டால் உட்பிரிவுக்கு முந்தைய கிரயங்கள் வராது. தாய் எண், உட்பிரிவு எண் இரண்டையும் ‘சேர்க்க’ பொத்தானால் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்துத் தேட வேண்டும். குமரி மாவட்டத்தில் இதற்கு மேல் ரீசர்வே, அதாவது நிலத்தை மறுபடி அளந்து புது எண் கொடுத்தது, என்றொரு தலைவலி. பழைய பிரமாணத்தில் பழைய சர்வே எண், புதிய பட்டாவில் ரீசர்வே எண். இரண்டையும் பொருத்தத் தாலுகா ஆபீசுக்கு ஓட வேண்டாம். வருவாய்த்துறையின் மின்சேவைத் தளத்தில் கிராம நிலங்களின் விவரம் அடங்கிய ‘அ’ பதிவேட்டை எடுத்தால் பழைய புல எண்ணுக்கென்றே ஒரு கலம் இருக்கிறது. பட்டா, புலப்படம் ஆகியவையும் அதே தளத்தில் இலவசம். பட்டாவில் 0-12-50 என்று கண்டால் மிரள வேண்டாம்: 12 ஆர் 50 சதுர மீட்டர், அதாவது 1250 சதுர மீட்டர். ஒரு செண்டு 40.47 சதுர மீட்டர் என்று வகுத்தால் 30.9 செண்டு வரும். பிரமாணத்தில் 31 செண்டு என்றிருந்தால் அது திருட்டல்ல, கணக்கு முழுமையாக்கல். 35 என்றிருந்தால் கேள்வி கேளுங்கள்.

அடுத்த கோளாறு, சார்பதிவக எல்லை. ஒரு கிராமம் புதிய சார்பதிவகத்துக்கு மாறியிருந்தால் மாறுவதற்கு முன் பதிந்த பத்திரத்தின் புத்தகம் பழைய அலுவலகத்தில்தான் இருக்கும். ‘வில்லங்கம் ஏதுமில்லை’ என்று வந்தால் சந்தோஷப்படுமுன் பழைய சார்பதிவகத்தையும் தேர்ந்தெடுத்து ஒருமுறை தேடிவிடுங்கள்.

இலவசப் பிரதியில் கையொப்பம் இருக்காது, வங்கி ஏற்காது. வங்கிக்கும் நீதிமன்றத்துக்கும் கட்டணம் கட்டி விண்ணப்பித்த, மின் கையொப்பமும் கியூஆர் குறியீடும் உள்ள பிரதி வேண்டும். பத்திரத்தின் முழுப் பக்கங்களும் வேண்டுமென்றால் சான்றிட்ட நகல். அதற்குச் சார்பதிவகம், ஆவண எண், ஆண்டு, புத்தக எண் நான்கும் தேவை. கணக்கில் பணம் கழிந்தும் விண்ணப்பம் ஏறவில்லையென்றால் உடனே இரண்டாம் முறை கட்டாதீர்கள். பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு நிலையைப் பார்த்துவிட்டு மேலே போகலாம்.

பாறசாலைக்கு அந்தப் பக்கம் கதை வேறு. கேரளத்தில் இந்தச் சான்றை பாத்யதா சர்டிபிகேட் என்றும் குடிக்கடம் என்றும் சொல்வார்கள். பணம் கட்டி விண்ணப்பித்தால்தான் எதுவும் கண்ணில் படும், சும்மா எட்டிப் பார்க்க வழியில்லை. மாவட்டம், சார்பதிவகம், வில்லேஜ், சர்வே எண், ரீசர்வே முடிந்த இடமென்றால் பிளாக் எண்ணும் ரீசர்வே எண்ணும், பரப்பு, நாலு எல்லை என்று கேட்கிறது. பிளாக் எண் இல்லாமல் ரீசர்வே எண் மட்டும் கொடுப்பது வீட்டு எண் சொல்லித் தெருப் பெயர் சொல்லாதது மாதிரி. தெரியாவிட்டால் வில்லேஜ் ஆபீசில் கரம் தீர்த்த ரசீதைப் பாருங்கள், தண்டப்பேர் எண்ணோடு (நில வரிக் கணக்கு எண்) பிளாக் எண்ணும் இருக்கும். பழைய தொகுதிகள் எல்லா அலுவலகத்திலும் ஒரே ஆண்டு வரை கணினிக்கு ஏறவில்லை. கேட்ட காலம் அதற்கும் முந்தியது என்றால் ஊழியர் கையால் புரட்டித் தேட வேண்டும், நாளாகும். 2024 இல் வந்த ‘எண்டெ பூமி’ தளம் பதிவு, வருவாய், சர்வே மூன்றையும் ஒரே இடத்தில் கோக்கிறது. டிஜிட்டல் ரீசர்வே முடிந்த வில்லேஜுக்கு அது நல்ல துணை, முடியாத வில்லேஜுக்கு இன்னும் பழைய வழிதான்.

கேரளச் சான்று கையில் வந்தபின் நம்மவர்கள் திணறுவது சொற்களில். தீறாதாரம் என்றால் கிரயம். ஒழிமுறி என்பது நம் விடுதலைப் பத்திரம். இஷ்டதானமும் தனநிச்சயமும் தான செட்டில்மென்ட் வகை. பாக உடம்படி பாகப்பிரிவினை. முன்னாதாரம் என்றால் மூலப்பத்திரம், போக்குவரவு என்றால் பட்டா மாற்றம். கஹான் என்றொரு சொல் கண்டால் கூட்டுறவு வங்கியில் கடன் இருக்கிறது என்று பொருள். அது தீர்ந்ததற்கான பதிவும் அதே சான்றில் பின்னால் இருக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

இனி விஷயத்தின் கடினமான பகுதி. 1956 நவம்பர் 1 வரை அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நான்கும் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் இருந்தவை. அதே மாநிலத்திலிருந்து அன்றே தமிழகத்தோடு சேர்ந்த செங்கோட்டைக்காரர்களுக்கும் இதே பாடம் பொருந்தும். அந்தக் காலத்துப் பிரமாணங்களில் ஆண்டு, மலையாள ஆண்டான கொல்லம் ஆண்டு. ‘1112 ஆம் ஆண்டு 1437 ஆம் நம்பர்’ என்றால் அது 1112 ஆம் கொல்லம் ஆண்டின் புத்தகத்தில் உள்ள எண். ஆங்கில ஆண்டாக மாற்றி விண்ணப்பத்தில் எழுதினால் ஊழியர் வேறொரு தொகுதியைத் திறப்பார், ‘இல்லை’ என்று பதில் வரும். பத்திரத்தில் உள்ளபடியே எழுதி, பக்கத்தில் ஆங்கில ஆண்டையும் குறியுங்கள். சிங்ஙம் ஒன்றில், ஆகஸ்ட் நடுவில், கொல்லம் ஆண்டு பிறக்கிறது. அங்கிருந்து டிசம்பர் வரை 824, ஜனவரி முதல் 825 கூட்ட வேண்டும். 1112 கன்னி என்றால் 1936, அதே ஆண்டு மீனம் என்றால் 1937. தனு மாதம் இரண்டு ஆங்கில ஆண்டிலும் கால் வைத்திருப்பதால் அங்கே தேதியைப் பார்த்துத்தான் கூட்ட முடியும்.

எழுத்து மலையாளமாக இருக்கலாம், அதுவும் 1971 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய கூட்டெழுத்து. எண்களும் மலையாள எண்களாக இருக்கும். பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கம் வயதான ஆதாரம் எழுத்துக்காரர் ஒருவரிடம் வாசிக்கக் கொடுப்பது செல்போன் செயலியில் படம் பிடிப்பதைவிட நூறு மடங்கு மேல். நாஞ்சில் நாட்டு வயல் என்றால் பரப்பு கோட்டை, மரக்கால் விதைப்பாட்டில், அதாவது விதைக்கத் தேவையான நெல்லின் அளவில் இருக்கும். அதை வாய்ப்பாடு போட்டு செண்டாக்கப் பார்க்காதீர்கள். சர்வே எண்ணைப் பிடித்து ‘அ’ பதிவேட்டில் பரப்பைப் பாருங்கள்.

எல்லைக்கே உரிய பொறி ஒன்று உண்டு. பதிவுச் சட்டம் 1908 இன் 28 ஆம் பிரிவுப்படி, சொத்தின் ஏதேனும் ஒரு பகுதி இருக்கும் சார்பதிவகத்தில் பத்திரத்தைப் பதியலாம். இப்போது இந்தச் சட்டம்தான் என்றாலும், இரு பக்கமும் திருவிதாங்கூர் என்ற ஒரே நாடாக இருந்த காலத்திலும் பாகப்பிரிவினைகள் அப்படித்தான் ஓடின: தென்னந்தோப்பு இங்கே, வீட்டடி அங்கே, பத்திரம் ஏதோ ஒரு அலுவலகத்தில். ஆகவே மூல பாக உடம்படி விளவங்கோட்டுப் பக்கம் கிடைக்கவில்லை என்றால் நெய்யாற்றின்கரைப் பக்கம் தேடாமல் ‘அப்படியொன்று இல்லை’ என்று முடிவு கட்டாதீர்கள்.

எண்ணே தெரியாதபோது அலுவலகத்தில் கேட்க வேண்டியது பெயர் அட்டவணை. பத்திரம் எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர் பெயர்களுக்கு ஒன்றாம் அட்டவணை, சொத்துக்கு இரண்டாம் அட்டவணை. பதிவுச் சட்டத்தின் 57 ஆம் பிரிவு, அசையாச் சொத்துப் பத்திரங்கள் பதிவாகும் ஒன்றாம் புத்தகத்தையும் அதன் அட்டவணையையும் கட்டணம் கட்டும் எவரும் பார்க்கலாம் என்கிறது. ‘சொந்தக்காரர்தானா?’ என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. பெயரை ஒரே எழுத்துக்கூட்டலில் தேடாமல் தங்கையன், தங்கய்யன் என்று இரண்டு மூன்று விதமாகவும், வீட்டுப்பெயரோடும் தேடச் சொல்லுங்கள்.

உயில் மூன்றாம் புத்தகம். எழுதியவர் உயிரோடிருக்கும்வரை நகல் அவருக்கோ அவருடைய முகவருக்கோதான், இறந்தபின் யாரும் கேட்கலாம். பொது அதிகாரப் பத்திரங்கள் பலவும் நான்காம் புத்தகத்தில் கிடக்கும், அங்கே சம்பந்தப்பட்டவருக்கு மட்டுமே நகல். இந்த இரண்டு புத்தகத்தில் உள்ளவை சொத்து வாரியான வில்லங்கச் சான்றில் தலைகாட்டாது. பதியாத ஒப்பந்தமும், பதியாத வழக்கும்கூட அப்படித்தான். நாலு பிள்ளைகளில் ஒருவர் மட்டும் விற்கிறார், சான்று சுத்தமாக இருக்கிறது என்றால், வாரிசுச் சான்றும் உயில் விவரமும் கேட்காமல் நகர வேண்டாம்.

நகல் கைக்கு வந்ததும் கவுண்டரை விட்டு நகருமுன் பக்க எண்ணிக்கை, சொத்து விவரத்தின் கடைசி வரி, சாட்சிகள், பதிவு முத்திரை நான்கையும் சரிபாருங்கள். மனை விற்ற பத்திரங்களில் வரைபடம் இணைந்திருக்கும், நகலில் அதுதான் முதலில் விடுபடும். விண்ணப்பத்திலேயே ‘வரைபடத்துடன்’ என்று ஒரு வார்த்தை எழுதிவிட்டால் இரண்டாம் தடவை பஸ் ஏற வேண்டியிருக்காது.