சிம்பியன் விசைப்பலகைக் கைபேசியுடன் ஆறு ஆண்டுகள்

2009 முதல் 2015 வரை என் அன்றாட எழுத்து வேலையில் பெரும்பகுதி ஒரே கைபேசியில் நடந்தது. 2008-இல் வெளிவந்த, சிம்பியன் என்ற இயங்குதளத்தின் எஸ்60 மூன்றாம் பதிப்பில் இயங்கிய கருவி அது. முகப்பின் மேல்பாதியில் 2.36 அங்குலத் திரையும், கீழ்ப்பாதியில், கணினியில் இருப்பதுபோன்ற முழு குவெர்ட்டி விசைப்பலகையும் இருந்தன. ஐபோன் 2007-இலேயே வந்து, தொடுதிரையின் பக்கம் எல்லோருடைய கவனமும் திரும்பத் தொடங்கியிருந்தது. ஆனாலும் மின்னஞ்சலும் குறிப்புகளும் நிறைய எழுத வேண்டியிருந்த எனக்கு, விரலுக்குத் தட்டுப்படும் விசைகள்தான் தேவைப்பட்டன.

அந்தத் தேர்வுக்காக நான் ஒருநாளும் வருந்தியதில்லை. ஒவ்வொரு விசையும் நடுவில் சற்றே மேடாக இருந்ததால், பக்கத்து விசையின் மேல் கட்டைவிரல் வழுக்கிப் போகாது. எண்களுக்குத் தனி வரிசை கிடையாது. நடுவிலிருந்த ஒன்பது எழுத்து விசைகளே 1 முதல் 9 வரையான எண்களாகவும் பயன்பட்டன. முதல் இரண்டு வாரங்கள் தடுமாறினேன். அதன்பின் விசைகளின் இடம் விரலுக்கே பழகிவிட்டது. கூட்டங்களில் குறிப்பெடுக்கும்போது கைபேசியை மேசைக்குக் கீழே மடியில் வைத்துக்கொண்டு, பேசுகிறவரின் முகத்தைப் பார்த்தபடியே தட்டச்சு செய்வேன். பிறகு எடுத்துப் பார்த்தால் ஒரு பக்கத்துக்கு இரண்டு மூன்று பிழைகளே இருக்கும். திரையைப் பார்க்காமல் எழுதும் அந்த வசதியை அதற்குப் பின் வாங்கிய எந்தக் கைபேசியிலும் நான் பெறவில்லை. எழுதியதைத் திருத்துவதும் எளிது: ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு திசை விசையை நகர்த்தினால், ஒற்றை எழுத்தைக்கூடத் துல்லியமாகத் தேர்ந்தெடுத்துவிடலாம்.

பேட்டரி 1500 மில்லி ஆம்பியர் மணிக் கொள்ளளவு உடையது. இன்றைய கணக்கில் அது சிறியதுதான். ஆனால் 320-க்கு 240 புள்ளிகள் கொண்ட சிறு திரைக்கும், 369 மெகாஹெர்ட்ஸ் செயலகத்துக்கும் (பிராசசர்) அது தாராளமாகப் போதும். வைஃபையை அணைத்து வைத்தால் இரண்டு நாளுக்குக் குறையாமல் வந்தது. பின்மூடியைக் கழற்றி மாற்று பேட்டரியைப் போட்டுக்கொள்ளலாம் என்பதால், நீண்ட பயணங்களில் மின்னிணைப்பைத் தேடி அலைய நேர்ந்ததில்லை.

குறைகளில் முதன்மையானது மொழி. என் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை. தமிழ்ப் பக்கங்களும் தமிழில் வந்த குறுஞ்செய்திகளும் வெறும் கட்டங்களாகத் தெரிந்தன. பக்கங்களைப் படிக்க மட்டும் ஓபரா மினி உலாவி ஒரு வழி தந்தது: அதன் மறைவான அமைப்புப் பக்கத்தைத் திறந்து, சிக்கலான எழுத்துமுறைகளுக்குப் படவடிவ எழுத்துருவைப் பயன்படுத்தும் தேர்வை இயக்கினால், ஓபராவின் வழங்கியே (சர்வர்) தமிழ் எழுத்துகளைப் படமாக மாற்றி அனுப்பும். அந்த வரிகளை நகலெடுக்க முடியாது. தரவும் கூடுதலாகச் செலவாகும். ஆனாலும் அந்தத் தேர்வை இயக்கி, கட்டங்கள் இருந்த இடத்தில் தமிழ் வரிகளைப் பார்த்த மாலை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

எழுதுவதற்கு அப்படி ஒரு வழியும் எனக்குக் கிடைக்கவில்லை. வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் ஆறு ஆண்டுகளும் ஆங்கில எழுத்துகளில்தான் தமிழை எழுதினேன். அப்படி எழுதும்போது மனமும் மணமும் ஒன்றாகிவிடும். கரியும் கறியும் ஒன்றாகிவிடும். விசைகளின் மேல் அச்சிடப்பட்ட எழுத்துகள் அச்சிட்டபடியேதான் இருக்கும். தொடுதிரையிலோ, ஒரு செயலியை நிறுவிய நொடியில் பலகை முழுவதும் தமிழாகிவிடுகிறது. எந்த உறுதியான விசைகளுக்காக அந்தக் கருவியை விரும்பி வாங்கினேனோ, அவையே என் மொழிக்கு இடம் கொடுக்காமல் நின்றன. இதில் கைபேசியைச் சாராத ஒரு தடையும் உண்டு. ஆங்கில எழுத்துகளில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்துகள் கிடைக்கும். தமிழ் எழுத்துகளுக்கு வேண்டிய ஒருங்குறியில் (யூனிகோட்) 70 இடங்கள்தான். இகரக் குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படுவதால், 'தமிழ்' என்ற மூன்றெழுத்துச் சொல்லே அதில் ஐந்து இடங்களை எடுத்துக்கொள்ளும். ஆகவே தமிழ் வசதி உள்ள கைபேசி வைத்திருந்தவர்களும் செய்தியைச் சுருக்கியே எழுத வேண்டியிருந்தது.

மற்ற குறைகள் பழகிப்போகும் தன்மையுடையவை. நான்கைந்து செயலிகளைத் திறந்து வைத்தால், நினைவகம் நிரம்பிவிட்டது, சிலவற்றை மூடுங்கள் என்ற அறிவிப்பு வந்துவிடும். நெடுக்குத் திரைக்காக எழுதப்பட்ட விளையாட்டுகள் இந்தக் குறுக்குத் திரையில் பாதி வெட்டுப்பட்டுத் தெரியும். புதிய செயலியை நிறுவுவதுதான் உண்மையில் பொறுமையைச் சோதித்தது. சிம்பியனில் ஒவ்வொரு செயலிக்கும், அது நம்பத்தக்கது என்று காட்டும் மின்சான்றிதழ் வேண்டும். அது காலாவதியாகியிருந்தால் கைபேசி அந்தச் செயலியை ஏற்காது. கைபேசியின் தேதியை ஓராண்டு பின்னுக்குத் தள்ளி, நிறுவி முடித்துவிட்டு, மறுபடி சரிசெய்வோம். ஒருமுறை சரிசெய்ய மறந்ததில், அன்று வந்த செய்திகள் வரிசை குலைந்து, எது முன்னது எது பின்னது என்று தெரியாமல் போயிற்று.

கருவி உடைந்ததால் நான் அதை விடவில்லை. இணையத்தளங்கள் ஒவ்வொன்றாகப் புதிய பாதுகாப்புக் குறியாக்க முறைகளுக்கு மாறியபோது, அதிலேயே இருந்த பழைய உலாவியால் அவற்றைத் திறக்க முடியவில்லை. 2014 தொடக்கம் முதல் சிம்பியன் செயலிக் கடையில் புதிய செயலிகளும் மேம்பாடுகளும் ஏற்கப்படவில்லை. வாட்ஸ்அப் 2017 ஜூன் 30 வரை சிம்பியனுக்குச் சேவையைத் தொடர்ந்தது; நான் அதற்கு இரண்டாண்டு முன்பே வேறு கைபேசிக்கு மாறிவிட்டேன்.

இந்த வகைக் கைபேசி இன்னும் எவரிடமாவது இருந்தால், சேமித்த பெயர்களையும் எண்களையும் விகார்டு என்னும் தொடர்பு விவரக் கோப்புகளாக புளூடூத் வழியே புதிய கருவிக்கு அனுப்பி வைத்துக்கொள்வது நல்லது. நினைவக அட்டையில் சேமிக்கும் காப்புப்படியை இன்றைய கைபேசிகளால் படிக்க இயலாது. குறுஞ்செய்திகளை வெளியே எடுக்க எனக்கு வழி கிடைக்கவில்லை. இழக்க விரும்பாத நாற்பது ஐம்பது செய்திகளை ஒரு நோட்டில் கையால் எழுதினேன்; எழுதும்போது எல்லாவற்றையும் தமிழ் எழுத்துக்கு மாற்றினேன். மூன்று இடங்களில், அனுப்பியவர் எந்தச் சொல்லை நினைத்தார் என்று உறுதியாகத் தெரியாததால், இரண்டு சொற்களையும் எழுதி நடுவில் கோடிட்டு வைத்திருக்கிறேன்.